பத்மாவின் மேசையை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, நான் முதன்முதலில் மென்பொருள் ரோபோவிடம் கொடுத்த வேலை எது, அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, விதி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் என்று பதில் சொன்னேன். எல்லாரும் குறித்துக்கொண்டீர்கள். அந்தப் பதில் பொய். அந்த முதல் வேலையை நான் பொறாமையால் தேர்ந்தெடுத்தேன். மைக்கின் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பட்டுப்புடவை மொத்த வியாபாரியிடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். என் ஊர் தேவிகாபுரம். கணிதத்தில் பி.எஸ்சி., பிறகு வேலூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு. அந்த நிறுவனத்தில் அதுவரை கம்ப்யூட்டர் இல்லை. எனக்காகவே கண்ணாடித் தடுப்புப் போட்டு ஒரு அறை கட்டினார்கள், ஏசி வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், முதலாளி உட்பட. இருபத்து நான்கு வயதில் இதெல்லாம் தலைக்கு ஏறாமல் இருக்குமா?

எங்கள் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை, பெங்களூர், ஹைதராபாத் கடைகளிலிருந்து ஆர்டர் வரும். சாயம் போட்ட பட்டுநூலை நீள இழைகளாக, அதாவது பாவாக ஓட்டி, ஜரிகையோடு நெசவாளரிடம் கொடுப்போம். அவர் தன் வீட்டுத் தறியில் நெய்து, புடவையாகக் கொண்டுவந்து கொடுப்பார். எந்த ஆர்டர் எந்தத் தறிக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்து சீட்டு எழுதுகிற இடத்துக்குப் பாவு மேசை என்று பெயர். அந்த மேசையில் பத்மா இருந்தார்.

பத்மாவுக்கு ஏறக்குறைய என் வயதுதான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு. நெசவுக் குடும்பம். கணவர் செய்யாரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதச் சேர்த்துக்கொண்டார்கள். எழுதி எழுதி, முடிவு செய்கிறவராகவே ஆகிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட தறிகள் அவர் தலைக்குள் இருந்தன.

பொறாமை தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய கடைக்காரர் வந்திருந்தார். அரக்கு நிறத்தில் கோபுரக் கரை போட்ட புடவை தை மாதத்துக்குள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, ரிப்போர்ட் எடு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று ஓடி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இருபத்தேழு என்று வந்தது. நான் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வருவதற்குள், பத்மா தன் இடத்திலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டார்.

"இருபத்திரெண்டு வரும் சார். அதுக்கு மேல சொல்லிடாதீங்க."

முதலாளி இருபத்திரண்டு என்றே ஒப்புக்கொண்டார். என் காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. தை மாதத்தில் இருபத்திரண்டுதான் வந்தது. ஐந்து தறிகள் என் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தன, வீட்டில் ஓடவில்லை. ஒருவர் வீட்டில் சாவு, ஒருவர் மகளுக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அதன்பிறகு எனக்கு அவர் செய்வதெல்லாம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நெசவாளர்கள் என் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் அவர் மேசைக்குப் போவார்கள். ஒருவர்கூட உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். வீட்டு விசேஷம் என்றால் பலகாரம் அவர் மேசைக்கு வரும். அவர் அதில் பாதியைக் காகிதத்தில் வைத்து எனக்கு அனுப்புவார். தின்னவும் மனமில்லாமல், திருப்பி அனுப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை அவர் முதலாளியிடம் என்னைப் பற்றி, "சேகர் சார் ரொம்ப சுத்தமா வேல செய்றாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் மகிழ்ந்திருப்பேன். என்னை மதிப்பிட இவர் யார் என்றுதான் தோன்றியது.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன நோட்டு வாங்கி, பத்மா செய்கிற தவறுகளைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். தேதி போட்டு எழுதினேன். ஒரு வருடத்தில் நான்கு தவறுகள் சேர்ந்தன. அதில் ஒன்று, நிதானமாகப் பார்த்தபோது, அவர் எழுதிய சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நான் செய்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து எங்களுக்கு ஒன்றைக் காட்டினார். நாம் திரையில் எங்கே அழுத்துகிறோம், எதை எங்கே தட்டுகிறோம் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அதே வேலையைத் தானாகவே செய்யும் நிரல். யாரும் தொடாமல் அம்புக்குறி திரையில் ஓடியது. கட்டங்கள் நிரம்பின. கடைசியில் சீட்டு அச்சாகி வந்தது. நீங்கள் இன்று ரோபோ என்று சொல்வதன் முன்னோடி அது. எங்கள் ஆட்கள் "தானாத் தட்டுறது" என்றார்கள்.

முதலாளிக்கு அது பிடித்துப்போனது. எல்லா வேலையையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம், முதலில் ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்போம் என்றார். அது எது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

ஆராயவே தேவையில்லாத வேலை ஒன்று கண்முன் இருந்தது. கடைகளின் ஆர்டர்கள் அப்போது மெயிலில் வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு கடையின் பட்டியலையும் பார்த்துப் பார்த்து, எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வரியாக மறுபடியும் தட்டுவார்கள். அந்தச் சலிப்பான வேலையும் பத்மாவின் தலையில்தான் இருந்தது. தினமும் அவருக்கு அதில் மூன்று மணி நேரம் போகும். அதை எடுத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதை எடுத்தால் பத்மாவுக்குச் சுமை குறையும். எனக்கு வேண்டியது அதுவல்ல. பாவு மேசையே தேவையில்லை என்று ஆகவேண்டும்.

அட்டவணை ஒன்று தயாரித்தேன். நீங்கள் இன்றும் அதே மாதிரி அட்டவணைதான் போடுகிறீர்கள் என்பதால் எப்படி ஏமாற்றினேன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். தறி ஒதுக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் வைத்து அளந்தேன். முகூர்த்தங்கள் நெருங்கி, ஆர்டர் குவிந்து கிடந்த வாரமாகப் பார்த்து அளந்தேன். மெயிலைத் தட்டும் வேலையை ஆர்டரே வராத ஆடி மாதத்தில் அளந்தேன். அட்டவணையில் இரண்டு எண்களும் உண்மை. எந்த வாரம் என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

விதிவிலக்குகள் என்ற கட்டத்தில் "மிகக் குறைவு" என்று எழுதினேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன். யாரும் பத்மாவிடம் சண்டை போட்டதில்லை, எந்தச் சீட்டும் திரும்பி வந்ததில்லை. சத்தமே இல்லாத வேலையில் சிக்கலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் ஒவ்வொரு சிக்கலையும் சீட்டு எழுதும் முன்பே தீர்த்துவிடுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

முதலாளி சம்மதித்தார். பத்மாவைப் புடவை மடிக்கும் பகுதிக்கு மேற்பார்வைக்கு மாற்றினார். பத்மா மறுத்துப் பேசவில்லை. போகும்முன் நான்கு தாள்களை என்னிடம் கொடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நெசவாளர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறு குறிப்பு. இவருக்கு அகலக் கரை வேண்டாம். இவருக்கு ஐப்பசியில் கொடுக்காதீர்கள். இவருக்கு வெளிர் நிறம் மட்டும். எதற்கும் காரணம் எழுதவில்லை.

"இத்த மட்டும் கம்ப்யூட்டர்ல சேத்துக்குங்க சார்," என்றார். "மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

தன் நாற்காலியை விட்டுவிடாமல் இருக்க இப்படி ஒரு கொக்கி போடுகிறார் என்று நினைத்தேன். காரணமில்லாத விதியை நிரலில் எழுத முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல வாதமாகக்கூடத் தெரிந்தது. தாள்களை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். எந்தத் தறி அதிக நாள் சும்மா இருக்கிறதோ அதற்கு முதலில் ஆர்டர் என்று ஒரே விதியை எழுதினேன்.

முதல் இரண்டு மாதம் எனக்குத் திருவிழா. தறிகள் சும்மா நிற்கும் நாட்கள் குறைந்தன. முதலாளி வருகிறவர்களையெல்லாம் என் அறைக்கு அழைத்துவந்து காட்டினார். நான் நடுவில் எழுந்து மடிப்புப் பகுதி வழியாகத் தண்ணீர் குடிக்கப் போவேன். என் அறையிலேயே தண்ணீர் இருந்தது. பத்மா கீழே உட்கார்ந்து புடவை மடிப்பதைப் பார்த்துவிட்டு வருவதற்காகத்தான் போவேன்.

ஒரு திங்கட்கிழமை ஏகாம்பரம் பாவு வாங்க வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய நெசவாளர், அதிகம் பேசாதவர். சீட்டில் கருநீலம், உடல் முழுக்கச் சின்னப் புட்டாப் பூக்கள் என்று இருந்தது. பெங்களூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஒரே மாதிரி ஆறு புடவைகள் கேட்டிருந்தார்கள். அதில் இரண்டு இவர் தறிக்கு விழுந்திருந்தது. சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அங்கேயே நின்றார். பிறகு என் அறை வாசலுக்கு வந்து, பத்மாம்மா இல்லையா என்று கேட்டார். இப்போது சீட்டை மெஷினே கொடுக்கிறது, மாற்ற முடியாது என்றேன். சரிங்க என்று பாவை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் நின்ற அந்த ஒரு நிமிடத்தை நான் பார்த்தேன். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. கேட்டால் பத்மாவைக் கூப்பிட வேண்டிவரும் என்று கேட்காமல் விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தப் புடவைகள் வந்தன. சனிக்கிழமைதான் எல்லாரும் புடவை கொண்டுவரும் நாள். முன்கூடத்தில் பத்துப் பதினைந்து நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரமும் அவர் மனைவி சம்பூர்ணமும் வந்திருந்தார்கள். புடவையை விரித்ததும் பார்வையிடுகிறவர் கை நின்றுவிட்டது. இழைகள் அறுந்து, சேர்க்கப்படாமல் முழம் முழமாக ஓடியிருந்தன. புட்டா சில இடங்களில் பாதியாக நின்றது. இரண்டு புடவைகளும் அப்படித்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின் கொடுத்த வேலை கெட்டுப்போயிற்று என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. தவறு நெசவாளருடையது என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட நினைத்தேன்.

"இத்தனை அறுப்பு கண்ணுக்குத் தெரியலியாங்க?" என்றேன்.

ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பூர்ணம் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியலிங்க சார். ரெண்டு வருசமா அவருக்கு இருட்டு நெறத்து நூலு தெரியாது. நான் பக்கத்துல நின்னுகினு சொல்லிச் சொல்லித்தான் நெய்தாரு."

பார்வை போன நெசவாளர் என்று பேர் வந்துவிட்டால் எந்த வியாபாரியும் பாவு கொடுக்க யோசிப்பார். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஏகாம்பரம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார். சம்பூர்ணம் பின்னால் போனார். மடிப்புப் பகுதி வாசலில் பத்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இது உனக்குத் தெரியுமா என்று பத்மாவிடம் கேட்டார். தெரியும் என்றார் பத்மா.

"அப்ப ஏம்மா சொல்லல?"

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டுகினாரு சார்."

இரண்டு வருடமாகத் தெரிந்தும் நிறுவனத்திடம் மறைத்திருக்கிறாய் என்று முதலாளி அவரைக் கடிந்துகொண்டார். இப்படி மறைக்கிறவர்கள் இருந்தால் எந்த மெஷின் வைத்து என்ன பிரயோசனம் என்றார். அந்த நான்கு தாள்கள் என் டிராயரில் இருந்தன. "ஏகாம்பரம், வெளிர் நிறம் மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது. பத்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டிய நேரம் என் கண்முன்னாலேயே கடந்துபோனது.

மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பத்மாவைத் தேடிப் போனேன். அவர் அந்தக் கருநீலப் புடவைகளை மடியில் போட்டு, எங்கெங்கே இழை போயிருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டிருந்தார். லிஸ்ட் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்," என்றார்.

நேராக முதலாளியிடம் போனேன். தாள்களை அவர் முன்னால் வைத்தேன். சேர்க்காமல் விட்டது நான் என்றேன். எந்த வாரம் எதை அளந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உன்ன நம்பித்தானடா வந்தவங்ககிட்டல்லாம் பெருமையா காட்னேன்," என்று மட்டும் சொன்னார். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, முதலில் அதைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

புதிதாக நெய்ய ஒரு வாரம் போதாது. இரண்டு வழிகள் இருந்தன. கடைசி நாள் வரை ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கலாம். இல்லையென்றால் இப்போதே உண்மையைச் சொல்லலாம். அறுந்த இழைகளை ஊசியால் கோத்துச் சரிசெய்யும் ரஃபுக்காரர் ஒருவர் வேலூரில் இருந்தார். பத்மாதான் அவரை வரவழைத்தார். இரண்டு புடவைகளையும் பார்த்துவிட்டு, ஒன்றைத் தேற்றலாம், இன்னொன்று தேறாது என்றார் அவர். அவரும் பத்மாவும் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று நாள் இழை கோத்தார்கள்.

பெங்களூர்க் கடைக்கு நான் போன் செய்தேன். ஐந்து புடவைகள் தேதிக்கு வந்துவிடும், ஆறாவது வராது, தவறு என்னுடையது என்றேன். கடைக்காரர் கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்தபின், இப்போதே சொன்னதால் கல்யாண வீட்டாரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். ஐந்து சகோதரிகள் கருநீலமும் ஒருவர் பச்சையும் கட்டிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கடை ஒரு வருடம் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை.

ஏகாம்பரத்தின் வீட்டுக்கு நானும் பத்மாவும் போனோம். போகிற வழியில், என் மனதில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உங்கள் மேசையை எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, பொறாமைதான் என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"தெரியுங்க. நோட்டுல எழுதிகினு இருந்தீங்களே. அதுல ஒண்ணு விட்டுட்டீங்க. அந்த வருசம் மாசியில, ரெண்டு பேரு ஜரிகைய மாத்திக் குடுத்துட்டேன். யாருக்கும் தெரியாது."

நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கூடவே நடந்தேன்.

ஏகாம்பரம் வெளியே வரவில்லை. மூன்று முறை போனோம், மூன்று முறையும் சம்பூர்ணம்தான் பேசினார். பத்மாவின் வற்புறுத்தலால் பிறகு அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அந்தக் கண் ஓரளவு தெளிந்தது. எங்கள் நிறுவனத்துக்கு அவர் கடைசிவரை நெய்தார், வெளிர் நிறங்கள் மட்டும். ஆனால் சனிக்கிழமைகளில் அவர் மறுபடி எங்கள் கூடத்துக்கு வரவே இல்லை. சம்பூர்ணம்தான் புடவை கொண்டுவருவார். பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தால் ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப் பலமுறை நினைத்தேன். அவர் மறைத்துவைத்திருந்ததை ஊர் முன்னால் இழுத்துப் போட்டவன் நான். மறுபடியும் நாலு பேர் பார்க்க அவரை நிறுத்தி அதைப் பேசுவது எனக்கு நல்லதாக இருக்கும், அவருக்கு இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

நீங்கள் ஒரு வேலையை ஆராயும்போது, அதைச் செய்கிறவர் யாருக்காகவோ எதையோ வெளியே சொல்லாமல் காத்துக்கொண்டிருக்கலாம். அது எந்த அட்டவணையிலும் வராது. காரணம் சொல்லாத ஒரு விதியை யாராவது உங்களிடம் கொடுத்தால், காரணம் கேட்டு நச்சரிக்காமல் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தறி சும்மா இருந்தால், ஏன் என்று பார்க்காமல் அதற்கு வேலை கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த நாற்காலியில் இருப்பவர் மேல் உங்களுக்கு என்ன எண்ணம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் தேர்வை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, மெஷினையே தூக்கிப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு முதலாளி வந்திருந்தார். எனக்கும் அதை எதிர்க்கத் தைரியம் இல்லை. எதிர்த்தது பத்மா.

"மெஷினு மேல தப்பு இல்ல சார். மெயில பாத்துத் தட்டிகினு இருக்கறதுலயே எனக்குப் பாதி நாளு போயிடுது. அத்த அதுக்குக் குடுங்க. நான் தறிக்குப் போய்ப் பாக்கறேன்."

பாவு மேசைக்கு அவர் திரும்பி வந்தார். மெயில் வேலையை நிரலுக்கு மாற்றினேன். ஒவ்வொரு கடையின் பட்டியலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நிறப் பெயர்களில்தான் பெரிய குழப்பம். ஒரு கடை மயில் கழுத்து என்பதை இன்னொரு கடை ராமர் பச்சை என்னும். நிரல் சந்தேகப்பட்டால் அந்த வரியைத் தட்டாமல் நிறுத்திவைத்து, பத்மாவிடம் காட்டும்படி எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல நிரல் அதுதான். பல வருடம் தகராறு இல்லாமல் ஓடியது.

மிச்சமான மூன்று மணி நேரத்தில் பத்மா தெருத்தெருவாகத் தறிகளைப் பார்க்கப் போனார். யாருடைய தறியில் என்ன கோளாறு, யார் புது டிசைன் போடத் துணிந்திருக்கிறார் என்று நேரில் பார்த்துவந்தார். திரும்பி வரும் புடவைகள் வெகுவாகக் குறைந்தன. பெங்களூர்க் கடை மறுபடி ஆர்டர் கொடுத்தபோது, பத்மாவிடம்தான் பேசுவேன் என்றது. இரண்டு வருடத்தில் முதலாளி அவரை மேனேஜர் ஆக்கினார். என் அறையும் நானும் அவருக்குக் கீழே வந்தோம்.

அந்த அறிவிப்பை முதலாளி கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். நானும் கைதட்டினேன். நிரல் என்னுடையது, அது மிச்சப்படுத்திய நேரம் அவருடையது, பதவியும் அவருடையது. இதை நினைத்து நினைத்து அன்று முழுக்க மனம் வெந்தது. பொறாமை எனக்குத் தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

மேனேஜர் ஆன மறுவாரம் பத்மா என்னைக் கூப்பிட்டார். சாயப்பட்டறை, கிடங்கு, பார்சல் அனுப்பும் பிரிவு எல்லாவற்றிலும் எதையெல்லாம் நிரலிடம் கொடுக்கலாம் என்று முதலாளி கேட்டிருந்தார். ஒவ்வொரு பிரிவிலும் யார் என்ன செய்கிறார் என்று பத்மா தன் கையால் ஒரு நீளப் பட்டியல் எழுதியிருந்தார். அதை என்னிடம் நீட்டி, எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. நான் என்ன செய்தேன் என்று தெரிந்தும் என்னிடமே கொடுக்கிறீர்களே என்றேன்.

"வேற ஆளு எடுத்தா, அது யாரு மேசைன்னு பாக்காம எடுப்பாங்க. நீங்க இனிமே பாத்துட்டுத்தான் எடுப்பீங்க," என்றார்.

பட்டியலை வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று மறுபடியும் வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே முதல் வரியைப் படித்தேன். கிடங்கில் ரகம் வாரியாகச் சீட்டு ஒட்டும் வேலை, செய்கிறவர் பெயர் தனலட்சுமி. அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து கிடங்குக்குப் போனேன்.